விசிறி நிற்கட்டும், அப்புறம் பிளக்கைப் பிடுங்கலாம்

ஞாயிற்றுக்கிழமை காலை. கடையைத் திறந்து இன்னும் ஊதுபத்திகூட ஏற்றவில்லை. இங்கே ரங்கூனிலேயே தக்கேட்டா பகுதியிலிருந்து ஒரு தம்பி வந்து, பழைய லுங்கியில் சுற்றிய புரொஜெக்டரை மேசைமேல் வைத்தார். தூக்கிச் சற்றே சாய்த்தேன். உள்ளே மணல் உருளுவதுபோல் ஒரு சத்தம். திறந்து பார்க்கவே தேவையில்லை, விளக்கு வெடித்திருக்கிறது. என்னிடம் வேலை பழகும் பர்மியப் பையன் எட்டிப் பார்த்து, "சயா, இதுவும் மீ பியெத்தா?" என்று கேட்டான். மின்வெட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. ஆமாம், இதுவும்தான். இந்த மழைக்காலத்தில் நான்காவது.

நடந்தது இதுதான். பெகுவிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். தங்கையின் கல்யாண வீடியோவைச் சுவரில் போட்டுக் காட்டியிருக்கிறார் தம்பி. தாலி கட்டும் நேரத்தில் கரண்டு போயிற்று. ஐந்து நிமிடத்தில் வந்தது. உடனே பொத்தானை அழுத்தினார்; விளக்கு பற்றவில்லை. மறுபடி அழுத்தினார். பிளக்கைப் பிடுங்கிச் செருகி இன்னொரு முறை அழுத்தினார். ஒருவழியாகப் படம் வந்து, பந்தி வரைக்கும் ஓடியது. மறுபடி கரண்டு போயிற்று, மறுபடி வந்தது, மறுபடி அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம். குழந்தைகள் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"விளக்குதானே அண்ணே, மாற்றிவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?" என்றார். மாற்றலாம். நான் முதலில் கேட்டது வேறு. குழந்தைகளை வெளியே அனுப்பினீர்களா, ஜன்னலைத் திறந்தீர்களா? இல்லையாம். புழுக்கமாக இருக்கிறது என்று எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்களாம். கீழே சிந்திய கண்ணாடித் தூளை அவருடைய அம்மா வெறும் கையால் வழித்து எடுத்தாராம்.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண பல்பு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். பழைய புரொஜெக்டர்களிலும், இன்றும் விற்கும் பலவற்றிலும் இருப்பது பாதரச ஆவி விளக்கு. 1995இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை. சுண்டுவிரல் நுனி அளவுள்ள குவார்ட்ஸ் குமிழுக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மின்பொறி எரிகிறது. எரியும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தைப்போல் 200 மடங்கு. கார் டயரில் இருப்பது இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு. குமிழின் சுவர் 900, 1000 டிகிரி வரை சுடும். இத்தனையையும் உடையாமல் வைத்திருப்பது பக்கத்தில் ஓடும் ஒரு சின்ன விசிறி.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். படம் முடிந்து ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓரிரு நிமிடம் அந்த விசிறி ஓடுகிறது. உடனே வீட்டில் ஒருவர் எழுந்து போய்ச் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைக்கிறார். ஏன் என்று கேட்டால் "கரண்டு வீணாகிறதே" என்கிறார். இன்னொருவர் "அணைத்த பிறகும் ஓடுகிறது, ஏதோ கோளாறு, பாருங்கள்" என்று கடைக்கே தூக்கி வருகிறார். நான் என்ன பார்க்க? அது கோளாறு என்றால், அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற தோசைக்கல்லும் கோளாறுதான். விளக்கு அணைந்துவிட்டது, சூடு அணையவில்லை. அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் விசிறி ஓடுகிறது. காற்றை நிறுத்தினால் சூடு குமிழையும் அதைச் சுற்றியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தையும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கையும் வேகவைக்கும். ஒரே நாளில் வெடிக்காது. அதனால்தான் யாரும் நம்புவதில்லை. பத்து முறை, இருபது முறை இப்படிச் செய்த பிறகு குவார்ட்ஸ் பால்போல் வெளுக்கத் தொடங்கும். வெளுத்த இடத்தில் வலு குறையும். அப்புறம் ஒருநாள் தாலி கட்டும் நேரத்தில் டப்பென்று போகும்.

விசிறி அந்த இரண்டு நிமிடத்தில் தின்னும் மின்சாரத்துக்கு ஒரு வெற்றிலைகூட வாங்க முடியாது. தயவுசெய்து ஓட விடுங்கள்.

சூடாக இருக்கும்போது மறுபடி ஏன் பற்றுவதில்லை என்று அந்தத் தம்பி கேட்டார். உள்ளே அழுத்தம் இறங்காமல் பொறி தாண்டாது. இயந்திரமும் முயன்று முயன்று பார்க்கும். ஒவ்வொரு முயற்சியிலும் முனைகள் தேயும். கரண்டு வந்ததும் பாய்ந்துபோய்ப் பொத்தானை அழுத்தாதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள், எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். கல்யாண வீடியோ எங்கும் ஓடிவிடாது.

"எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும். பல இன்வர்ட்டர்களில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு: யுபிஎஸ் நிலை, சாதாரண நிலை என்று இரண்டு. சாதாரண நிலையில் வைத்தால் கரண்டு மாறும்போது ஒரு கணம் விட்டுப்போகும்; மின்விசிறிக்கும் டியூப் லைட்டுக்கும் ஒன்றும் ஆகாது. புரொஜெக்டர் விளக்கு அந்த ஒரு துடிப்பிலேயே அணைந்துவிடலாம். யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். "ஜெனரேட்டர் இருக்கிறது" என்கிறவர்களுக்கு என்ன சொல்ல? கீழே இறங்கிப்போய்க் கயிற்றை இழுத்து ஓட்டுவதற்குள் மேலே விளக்கு காற்றில்லாமல் வெந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 650 விஏ யுபிஎஸ் பேட்டரிப் பெட்டி ஒன்று போதும். 300 வாட் புரொஜெக்டரை அது சில நிமிடமே தாங்கும். அந்தச் சில நிமிடம் படம் பார்க்கக் கொடுத்ததில்லை, முறையாக அணைத்து விசிறியை ஓடவிடக் கொடுத்தது. பீப் சத்தம் கேட்டால் ரிமோட்டை எடுங்கள். "இந்தக் காட்சி முடியட்டும்" என்று உட்காராதீர்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு மேசை விளக்கை மாட்டி, சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

புதிய மாடல்கள் சிலவற்றில் நேரடியாக மின்சாரத்தை நிறுத்தலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தால் சரி. எல்இடி, லேசர் வகைகளில் இந்தப் பாதரச விளக்கே கிடையாது. ஆனால் நம் ஊரில் வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் பழையது.

அதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களில் நல்ல புரொஜெக்டர்கள் கிடைக்கின்றன. நானே வாங்கி விற்றிருக்கிறேன். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் அப்படியே போடலாம். வெறும் 100 வோல்ட் என்றிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைத் தொடாதீர்கள். அந்த ஜப்பான் பிளக்கில் இரண்டு தட்டைக் கால்களும், வால்போல் ஒரு பச்சைக் கம்பியும் தொங்கும். அதுதான் எர்த். இங்கே அதை மாட்ட இடமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். மூன்று கால் உள்ள நல்ல கேபிள் சந்தையில் கிடைக்கும், அதை வாங்கி எர்த் உள்ள பிளக் பாயின்டில் மாட்டுங்கள். இன்னொன்று: விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும் எண்ணை மெனுவுக்குள் போய்ச் சுழியமாக்கிவிட முடியும். "வெறும் 200 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு, விளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குமிழ் வெளுக்காமல் தெளிந்த கண்ணாடிபோல் இருக்க வேண்டும்.

ஸ்டெபிலைசரை அவசியம் வாங்கச் சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். 100 முதல் 240 வரை தாங்கும் இயந்திரத்துக்குக் குறைந்த மின்னழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. கரண்டு திரும்பி வரும் நொடியில் எகிறுகிறதே, அதுதான் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைச் சுடுகிறது. மின்வெட்டு நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். விசிறி நின்ற பிறகு, அதையும் மறக்காதீர்கள்.

எங்கே வைப்பது? ரங்கூன் அடுக்குமாடி வீடுகளில் பல 12.5 அடி அகலம், 50 அடி நீளம். எல்லாரும் அகல வாக்கில் போடப் பார்க்கிறார்கள். 100 அங்குலப் படத்தின் அகலம் 2.2 மீட்டர். பொதுவான ஒரு புரொஜெக்டருக்கு அதன் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், அதாவது 3.3 மீட்டர், கிட்டத்தட்ட 11 அடி. புரொஜெக்டரே ஓரடி நீளம். மிச்சம் அரையடி. சூடான காற்று வெளியே வரும் வழி பின்பக்கமாக இருந்தால், அது சுவரில் முட்டி அப்படியே உள்ளே திரும்பும். நீளவாக்கில் வையுங்கள், அல்லது 80 அங்குலத்தோடு திருப்திப்படுங்கள். சுற்றிலும் ஓரடி இடம் வேண்டும். தூசு படும் என்று புடவைத்துணியைப் போர்த்தி ஓடவிட்ட ஒரு பாட்டியம்மாவை எனக்குத் தெரியும். அவரிடம் கோபப்பட முடியவில்லை. அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற படித்த பிள்ளைகளிடம் கோபப்படுகிறேன்.

கூரையில் தொங்கவிடுகிறவர்களுக்கு: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். மையம் சகாயிங், மாண்டலே பக்கம்தான் என்றாலும் ரங்கூனிலும் விளக்குகள் ஆடின. பொய்க்கூரைப் பலகையில் நான்கு திருகு போட்டுத் தொங்கவிட்டால் அது கீழே உட்கார்ந்திருப்பவர் தலைக்குத்தான். கான்கிரீட்டிலோ உத்தரத்திலோ பிடியுங்கள், கூடவே ஒரு இரும்புக் கம்பிக் கயிறும் தனியாகக் கட்டுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, ராத்திரி கொசுவர்த்தி. இந்தப் புகை எல்லாம் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டிக் கம்பளம்போல் ஆகிவிடும். நான் உரித்தெடுத்துக் காட்டினால் வாடிக்கையாளர் வாயடைத்துப் போகிறார். சாமி கும்பிட வேண்டாம் என்றா சொல்கிறேன்? புரொஜெக்டரைச் சாமி அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடிய பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, வாரம் ஒருமுறை எடுத்து அரைமணி நேரம் ஓட்டுங்கள். காற்றுத் துளை வழியே பல்லி புகும். ஒருமுறை உள்ளே புகுந்து கருகியிருந்த பல்லியின் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பல்லி சொன்ன பலனை அந்த வீட்டார் எங்கே தேடினார்களோ தெரியாது.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, கெஞ்சிக் கேட்கிறேன். சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் ஒன்றும் செய்யாது. லென்ஸிலிருந்து வரும் வெளிச்சம் வேறு. "ஆர்ஜி 2" என்று லேபிளில் இருந்தால் அந்தக் கற்றையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று பொருள். டீ மேசைமேல் வைத்தால் லென்ஸ் சரியாகக் குழந்தையின் கண்ணுக்கு நேரே நிற்கும். அவர்களுக்கு அதற்குள் எட்டிப் பார்ப்பதைவிட வேறு விளையாட்டே கிடையாது. பெரியவர் தலைக்கு மேலே வையுங்கள். நடுவில் படத்தை மறைக்க வேண்டுமா, ரிமோட்டில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. லென்ஸ் மூடியைப் போட்டு மறைக்கிறவர்களின் மூடி உருகிப்போய் என் கடைக்கு வருகிறது.

வெடித்தே விட்டால்? மின்சாரத்தை நிறுத்துங்கள். எல்லாரும் வெளியே போங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதலில். ஜன்னல்களைத் திறந்து வைத்து அரைமணி நேரம் கழித்து உள்ளே வாருங்கள். ஆவியாகப் போன பாதரசம் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும், ஆனாலும் மூச்சில் இழுக்க வேண்டிய பொருள் இல்லை. துடைப்பமும் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் அதை வீடெங்கும் பரப்பும். கையுறை போட்டு, அட்டையால் வழித்து, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். புரொஜெக்டர் ஆறும்வரை அதைத் திறக்க வேண்டாம். தம்பியின் அம்மாவுக்கு விரலில் இரண்டு கீறலோடு போயிற்று.

தம்பியின் புரொஜெக்டர் பிழைத்துவிட்டது. லென்ஸ் பக்கம் தூள் போகவில்லை, விளக்குக் கூண்டை மட்டும் மாற்றினேன். யுபிஎஸ் வாங்கச் சொன்னேன். புதன்கிழமை இரவு அவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, கரண்டு போய்விட்டது, பெட்டி கத்துகிறது, என்ன செய்ய?" பின்னால் பீப் பீப் என்று எனக்கே கேட்டது. "போனை வையுங்கள் தம்பி, ரிமோட்டை எடுங்கள்" என்றேன்.

கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் கேபிளையும் ரிமோட்டையும் கூடவே எடுத்து வாருங்கள். பாதிக் கோளாறு கேபிளில்தான் இருக்கிறது. உள்ளே கண்ணாடி உடைந்திருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த லுங்கியை நான் வெறும் கையால் அவிழ்த்துவிட்டேன்.