பசிக்காத மீனுக்குத் தூண்டில்

ஏற்காட்டு மலையில் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், மூன்றாம் நாள் கன்னங்குறிச்சி மூக்கனேரியின் உபரிநீர் ஓடையில் பையன்கள் துண்டும் பழைய கொசுவலையுமாக இறங்கி நிற்பார்கள். ஏரி நிரம்பி வழிந்தோடும் அந்தச் செம்மண் கலங்கலை எதிர்த்துக் கெண்டையும் ஆராலும் மேலே ஏறப் பார்க்கும். "புதுத்தண்ணிக்கு மீன் ஏறுதுடா" என்று ஒருவன் கத்தினால் போதும், மற்றவர்கள் பள்ளிக்கூடப் பையைக் கரையில் போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் நானும் அப்படிப் பையைப் போட்டவன்தான். ஏறுகிற மீனைத் துண்டால் அள்ளலாம், ஆனால் அன்றைக்குத் தூண்டிலில் மண்புழு கோத்துப் போட்டால் அது அவ்வளவாகச் சீண்டாது என்பதை அப்போதே கவனித்திருக்கிறேன். அதே மாதங்களில், பூமியின் வடபாதியிலுள்ள குளிர்ந்த ஆறுகளில், இந்தப் புதிரின் மிகப் பெரிய வடிவம் நடந்தேறுகிறது. கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காகத் தாம் பிறந்த ஆற்றுக்குள் ஏறுகின்றன; ஆற்றுக்குள் நுழைந்தபின் அவை இரை எடுப்பதில்லை; இருந்தும் ஆயிரக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் நின்று அவற்றைத் தூண்டில் போட்டே பிடிக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. சேலத்து மீன் கடைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது காலா மீன். சுவையான கடல்மீன்தான், ஆனால் சால்மனுக்கு அது எந்த வகையிலும் உறவில்லை. சால்மனின் உண்மையான உறவு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது: ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட், பசிபிக் சால்மன்களின் பேரினத்தையே சேர்ந்தது.

சால்மன் தான் பிறந்த ஓடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஆர்தர் ஹாஸ்லர். 1940களில் தம் சொந்த ஊர்ப் பக்கத்து மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்கு இன்னும் தென்படாத அருவியின் பாசி மணமும் செடி மணமும் காற்றில் வந்து மோத, மறந்துபோயிருந்த சிறுவயது நினைவுகள் அவருக்குச் சட்டென்று திரும்பின. ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, காப்பிச் செடி பூத்த வாசம் பேருந்துக்குள் வந்த கணத்தில் ஊர் வந்துவிட்டது என்று உணர்ந்தவர்களுக்கு இது புரியும். மீனுக்கும் இப்படித்தானோ என்று ஹாஸ்லர் எண்ணினார். ஒவ்வோர் ஓடையும் தான் கடந்து வரும் மண், பாறை, இலைச்சருகு, நுண்ணுயிர் ஆகியவற்றிலிருந்து கரைத்தெடுக்கும் பொருள்களால் தனக்கென ஒரு மணக்கலவையைப் பெறுகிறது. காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து வரும் நீரும் வெறும் பாறை மேல் வழிந்து வரும் நீரும் மூக்குள்ள உயிருக்கு ஒன்றாக இரா.

அவரும் அவருடைய மாணவர் வாரன் விஸ்பியும் செய்த சோதனை எளிமையானது. வாஷிங்டன் மாநிலத்தில் இசாக்குவா ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே, இரு கிளைகளிலும் ஏறி வந்திருந்த கோஹோ சால்மன்களைப் பிடித்தார்கள். பாதி மீன்களின் நாசித் துளைகளைப் பஞ்சால் அடைத்து, எல்லாவற்றையும் பிரிவுக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் முன்பு தேர்ந்த கிளைக்கே மறுபடி ஏறின, மூக்கடைத்தவை தடுமாறின. பின்னர் 1970களில், குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற, இயற்கை ஆற்றில் இல்லாத வேதிப்பொருள் மிகச் சிறிதளவு கலந்த நீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, அவை கண்டே இராத ஓர் ஆற்றில் அதே பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தபோது, திரும்பி வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்த ஆற்றில்தான் ஏறின. குஞ்சு கடலுக்குப் புறப்படத் தயாராகும் சில வாரங்களில், தைராய்டு சுரப்பு உயரும் அந்தப் பருவத்தில், மணம் மூளையில் பதிந்துவிடுகிறது.

ஆற்று மணம் நடுக்கடலில் எட்டாது. அங்கே வேறொரு வழிகாட்டி உண்டு. கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சாக்கை சால்மன்கள் வான்கூவர் தீவை வடக்காகவோ தெற்காகவோ சுற்றித்தான் வர வேண்டும். 56 ஆண்டுகளின் மீன்பிடிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, எந்த வழியில் எத்தனை மீன்கள் வந்தன என்பது, பூமியின் காந்தப்புலம் அவ்விரு வாயில்களிலும் ஆண்டுக்காண்டு நகர்ந்த விதத்தோடு ஒத்துப்போவதைக் காட்டியது. குஞ்சாகக் கடலில் நுழைந்த இடத்தின் காந்த அளவை மீன் நினைவில் வைத்திருக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

கழிமுகத்தை அடைந்ததும் உடல் முழுவதும் மாற வேண்டியிருக்கிறது. மாங்காயில் உப்பைப் போட்டால் நீர் விடுகிறது, உலர்திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறது. கடலில் இருக்கும் மீன் மாங்காய், ஆற்றில் இருக்கும் மீன் திராட்சை. கடலில் இழக்கும் நீரை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள்களிலுள்ள தனி வகை உயிரணுக்கள் வழியாக வெளியே தள்ளும். ஆற்றுக்கு வந்ததும் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்தி, நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து, அதே செவுள்களால் ஆற்றில் இருக்கும் சொற்ப உப்பையும் உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. ஒரே எந்திரத்தைத் திசை மாற்றி ஓட்டுவது போன்ற இந்த வேலைக்காகச் சில நாள்கள் கழிமுகத்தில் தங்கும் மீன்களும் உண்டு.

அதன்பின் குடல் சுருங்குகிறது. கடலில் சேர்த்த கொழுப்பும், அது தீரத் தீரத் தசையிலுள்ள புரதமுமே பயணத்துக்கு எரிபொருள். இறாலினப் பிராணிகளைத் தின்று தசையில் சேர்த்த அஸ்டாசாந்தின் என்ற செந்நிற நிறமி இப்போது தோலுக்கும் முட்டைகளுக்கும் இடம்பெயர்வதால், வெள்ளியாக மின்னிய சாக்கை சால்மன் பச்சைத் தலையும் குங்குமச் சிவப்பு உடலுமாக மாறுகிறது. அதன் இறைச்சியோ வெளிறிப்போகிறது. ஆணின் தாடை கொக்கி போல வளைகிறது. சாப்பாட்டுக்காகப் பிடிப்பவர்கள் கடல்வாயை விட்டு விலகாத வெள்ளி மீனையே தேடுவதற்கும், மேலாற்றில் பிடித்த சிவந்த மீனைப் பெரும்பாலும் நீரிலேயே விட்டுவிடுவதற்கும் இதுதான் காரணம்.

இனித் தூண்டிலுக்கு வருவோம். பசியில்லாத மீன் ஏன் கவ்வுகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. இனப்பெருக்கக் காலத்தின் மூர்க்கத்தில், மூக்கருகே வரும் எதையும் விரட்டக் கடிக்கிறது என்பார் பலர். குடல் மூடினாலும், அசைவதைக் கவ்வும் பழக்கம் மூளையில் முழுதும் அணைவதில்லை என்பார் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும் தூண்டில்காரர் செய்ய வேண்டியது தெளிவு: மீன் இரையைத் தேடி வராது, எனவே தூண்டில் மீனைத் தேடிப் போக வேண்டும்.

அதற்கு ஆற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். புதிதாக எதுவும் உண்ணாமல் மலையேறும் மீன் ஒவ்வொரு துளி ஆற்றலையும் எண்ணிச் செலவிடுகிறது. ஆகவே வேகமான நீரோட்டத்தில் அது ஓய்வெடுக்காது. பெரும் பாறையின் முன்னும் பின்னுமுள்ள மந்தமான இடம், வேகநீரும் மெதுநீரும் உரசும் கோடு, மடு முடிந்து ஆழம் குறையத் தொடங்கும் வால்பகுதி ஆகியவற்றில்தான் அடிநிலத்தை ஒட்டி நிற்கும். ஈயக்குண்டின் எடையைத் துல்லியமாகக் கூட்டிக் குறைத்து, தூண்டில் முள் அடியிலிருந்து ஓரடிக்குள், நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து செல்லும்படி விடுவார்கள். பசிபிக் ஆறுகளில் உப்பிட்டுப் பதப்படுத்திய சால்மன் முட்டைக் கொத்து, சுழலும் பித்தளைத் தகடு ஆகியவை வழக்கம். ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு முதல் பதினைந்தடி நீளமுள்ள, இரு கையாலும் வீசும் கோலால், இறகும் பட்டுநூலும் கட்டிய போலிப்பூச்சியைக் குறுக்காக வீசி, அது ஆற்றை அரிவாள் வளைவாகக் கடக்கும்படி விடுவார்கள். வீச்சு முடிந்ததும் ஓரடி கீழே நகர்ந்து மறுபடி ஒரு வீச்சு. மழை பெய்து ஆறு உயர்ந்து, கலங்கல் தெளிந்து இறங்கத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்களுக்காகவே வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. புதிய மீன்கள் கடலிலிருந்து அந்த வெள்ளத்தோடுதான் ஏறும்.

1922 அக்டோபர் 7 அன்று ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண், தம் தந்தையோடு படகில் இருந்தபடி 64 பவுண்டு, அதாவது 29 கிலோ எடையுள்ள சால்மனைப் பிடித்தார். பிரிட்டனில் தூண்டிலில் சிக்கிய மிகப் பெரிய சால்மன் என்ற சாதனை இன்றும் அவருடையதே. கரையேற்ற ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. எத்தனை நாளாகப் பட்டினியோ, அப்படியும் அந்த மீனுக்கு அவ்வளவு பலம்.

சட்டங்களும் கடுமை. வாயில் கவ்வாத மீனை வேண்டுமென்றே முதுகிலோ வயிற்றிலோ கொக்கி மாட்டி இழுப்பது அநேகமாக எங்கும் குற்றம். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பதே சட்டவிரோதம். அனுபவமுள்ளவர்கள் இன்னொன்றையும் பார்த்து நடப்பார்கள்: ஆற்றின் கூழாங்கல் படுகையில் சுற்றிலும் பாசி படிந்திருக்க, கட்டில் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் வெளுத்திருந்தால், அதில் காலே வைக்கமாட்டார்கள். அது முட்டைக்குழி.

அந்தக் குழி உருவாகும் விதம் பார்க்கத் தக்கது. பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலைப் படபடவென அடிக்கிறது. வால் கல்லைத் தொடுவதை விட, வால் மேலெழும்போது உண்டாகும் உறிஞ்சலே கற்களைத் தூக்குகிறது. தூக்கியதை நீரோட்டம் முறத்தில் புடைப்பது போலப் பிரிக்கிறது. வண்டல் தவிடாகப் பறந்துபோக, கூழாங்கல் அருகிலேயே விழுகிறது. ஒரு சாண் ஆழமோ அதற்கு மேலோ குழி ஆனதும் அது முட்டையிட, பக்கத்தில் நிற்கும் ஆண் அதே நொடியில் விந்தைப் பீய்ச்சுகிறது. உடனே பெண் சற்று மேலே நகர்ந்து அடுத்த குழியைத் தோண்ட, அதிலிருந்து வரும் கல்லே முந்தைய முட்டைகளை மூடிவிடுகிறது. சின்னூக் சால்மன் இப்படிப் பல குழிகளில் சில ஆயிரம் முட்டைகள் வரை இடும்.

வண்டலைப் புடைத்தெடுத்ததன் பயன் அடுத்த சில மாதங்களில் தெரியும். கல்லிடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரி நீரில் ஏழரை அளவே. நம் ஏரிகளில் இந்த மீனை வளர்க்க முடியாததற்கு இதுவே பாதி விளக்கம். முட்டை பொரிவதும் வெப்பக் கணக்குப்படியே: சின்னூக்கின் முட்டைக்கு நாள்களையும் சராசரி வெப்பத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 500 வர வேண்டும். 10 டிகிரியில் ஐம்பது நாள், 5 டிகிரியில் நூறு நாள். இதைக் காண சின்னூக் போன்ற பசிபிக் சால்மன் தாய்கள் இருப்பதில்லை. முட்டையிட்ட சில நாள்களிலோ ஒன்றிரண்டு வாரங்களிலோ அவை இறந்துவிடும். அட்லாண்டிக் சால்மனில் மட்டும் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மீண்டும் ஏறி வரும்.

ஏறுவது எவ்வளவு உயரம் என்பதை நம் மலையை வைத்தே சொல்லலாம். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரிக்குச் செல்லும் சாக்கை, கொலம்பியா ஆற்றின் முகத்திலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. ஏற்காடு 1,500 மீட்டர்தான். வழியில் எட்டு அணைகள். 1938இல் செயல்படத் தொடங்கிய பானவில் அணை முதற்கொண்டு அவற்றில் மீன் ஏறப் படிப்படியான நீர்த்தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிச் சன்னல் வழியே ஆள்கள் உட்கார்ந்து மீன்களை எண்ணுகிறார்கள். அப்படியும் 1992இல் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு சாக்கை. அணைகளையே அகற்றிய, அமெரிக்காவின் கிளாமத் ஆற்றிலோ, நான்காவது அணை நீங்கிய சில வாரங்களுக்குள், 2024 அக்டோபரில், நூறாண்டுக்கு மேல் மூடியிருந்த மேலாற்றில் சின்னூக் சால்மன்கள் காணப்பட்டன.

காவிரியிலும் கடலிலிருந்து ஏறிவந்த மீன் உண்டு: உள்ளம். வங்காளத்தார் ஹில்சா என்று கொண்டாடும் அதே மீன், வெள்ளக் காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறும். 1934இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளம் அடங்கியபின், கீழே ஏற்கெனவே இருந்த அணைக்கட்டுகளும் சேர்ந்து, காவிரியில் அந்த மீன்பிடிப்பு நொடிந்துபோனது. 214 அடிச் சுவரைத் தாண்டும் மீன் எந்த ஆற்றிலும் இல்லை. நீர்த்தேக்கத்தில் இன்று பரிசல்காரர்கள் பிடிக்கும் கட்லாவும் ரோகுவும் வடக்கேயுள்ள ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. பதினாறு கண் மதகைத் திறக்கும்போது அவையும் நீரோடு கீழே அடித்துச் செல்லப்படும்; மதகை மூடியதும் பாறைக் குட்டைகளில் தேங்கி, வந்த திசையைப் பார்த்தபடி நிற்கும். அப்போது அங்கே இறங்குபவர்களுக்குத் தூண்டில் தேவைப்படுவதில்லை, கூடையே போதும்.