ஹெபடைட்டிஸ் சி: எந்த வகை என்று பார்த்தா சிங்கப்பூரில் மானியம் தருகிறார்கள்?

ஈரலைத் தாக்கும் கிருமியான ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் கேட்பது, "எனக்கு எந்த வகை?" என்பதுதான். முன்பு சிகிச்சையையே அது தீர்மானித்தது. 1ஆம் வகை என்றால் 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். காய்ச்சல், சோர்வு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணமானது. 3ஆம் வகைக்கு 24 வாரம் போதும், பலனும் கூடுதல்.

இந்தக் கிருமியில் இதுவரை 8 வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உலக அளவில் 1ஆம் வகை முதலிடம், அடுத்தது 3. சிங்கப்பூரிலும் இந்த இரண்டும்தான் அதிகம். வியட்நாம், லாவோஸ் பக்கம் பரவலாக உள்ள 6ஆம் வகையும் இங்கே உண்டு. இந்தியாவில் 3 மேலோங்கி நிற்கிறது; தென்னிந்தியாவில் 1ஆம் வகையும் கணிசம். 3ஆம் வகை ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், தழும்பும் வேகமாக விழும். அதனால் அந்த வகை வந்தவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

இப்போது சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை 1 முதல் 6 வரை எல்லா வகைக்கும் பொருந்துகிறது. நாளுக்கு ஒன்று, 12 வாரம். 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். இந்த மாத்திரைக்குச் சிங்கப்பூரில் மானியம் உண்டு. அதற்கு 1, 3, 6 என்ற பாகுபாடு கிடையாது. ஈரல் சுருங்கியவர்களுக்கும் முன்பு சிகிச்சை பலிக்காதவர்களுக்கும்தான் வகை இன்னும் முக்கியம்.

சரி, மானியத்துக்கு எப்படிப் போவது? பலதுறை மருந்தகத்திலோ அரசின் சாஸ் (CHAS) மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலோ கடிதம் வாங்கி, பொது மருத்துவமனையின் மானிய நோயாளியாகப் போக வேண்டும். நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் இந்த மானியம் கிடைக்காது. மெடிகேஷன் அசிஸ்டன்ஸ் ஃபண்ட் என்ற மருந்து உதவி நிதியில், தகுதியுள்ள குடிமக்களுக்கு 75 விழுக்காடு வரை கழிவு உண்டு. வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பார்த்து அளவை முடிவு செய்வார்கள். மீதியும் கட்ட முடியவில்லையா? மருத்துவமனையின் சமூக சேவகரைப் பார்த்து மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி பற்றிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ரிப்போர்ட்டில் ஒன்றைக் கவனியுங்கள். 'ஆன்டி ஹெச்.சி.வி' என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு அது தானாகவே போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்பதை 'ஹெச்.சி.வி ஆர்.என்.ஏ' சோதனைதான் சொல்லும். குணமான பிறகும் முதல் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். ஆகவே மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் தம்பிகளுக்கு இந்த மானியம் இல்லை. முதலாளி கட்டாயம் எடுக்க வேண்டிய காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அது வார்டில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும்தான். இந்தியர்களுக்கு ஊரில் வழி இருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். விடுப்பில் போகும்போது தொடங்குவதானால், 12 வாரமும் விடாமல் மாத்திரை கிடைக்க என்ன ஏற்பாடு என்று அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே பேசி வையுங்கள்.