தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்தாதீர்கள்

வீட்டுக் கடன் தள்ளுபடியாகும் என்று நம்பித் தவணையை நிறுத்திவிட்டு, வக்கீலான என்னிடம் வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் ஐந்தாவது ஆள். போரூர் தாண்டி இரண்டு படுக்கையறை ஃபிளாட், 2019-இல் வங்கிக் கடனில் வாங்கியது. சின்னதாக லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பதினோரு மாதமாகத் தவணை கட்டவில்லை. முதல் நான்கு மாதம் கையில் பணம் இருந்திருக்கிறது. இருந்தும் கட்டவில்லை.

"எலக்‌ஷன் வந்தா வீட்டுக் கடனைத் தள்ளுபடி பண்ணிடுவாங்கன்னு சொன்னாங்க சார். ஒழுங்கா கட்டினவனுக்கு ஒண்ணும் கிடைக்காது, பாக்கி வச்சிருக்கவனுக்குத்தான் கிடைக்கும்னாங்க."

மஞ்சப் பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே அதையே சொல்லும் ஒரு வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. அதற்கடியில் வங்கியிலிருந்து வந்த பதிவுத் தபால்கள் மூன்று. இரண்டைப் பிரிக்கவே இல்லை. கடைசியில், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகக் கதவில் ஒட்டிப்போன சுவாதீன அறிவிப்பு. அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாது என்று அவர் மனைவி தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்திருக்கிறார். சுரண்டியதில் தேதி இருந்த மூலை கிழிந்து கதவோடு போய்விட்டது. எனக்கு வேண்டியதோ அந்தத் தேதிதான். வங்கி கொடுத்த பத்திரிகை விளம்பரத்தைத் தேடிப் பிடித்துத்தான் நாளைக் கணக்குப் போட்டேன். வங்கியின் அந்த நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப்போட 45 நாள்தான் உண்டு. அது முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

"விவசாயக் கடனைத் தள்ளினாங்க, நகைக் கடனைத் தள்ளினாங்க, வீட்டுக் கடனை மட்டும் தள்ள மாட்டாங்களா?" என்று கேட்காதவர் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் சலிக்காமல் மறுபடி சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு, ஆட்சி மாறிய பிறகு, 5 சவரன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடியாகும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இரண்டுமே கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்த கடன். அந்தச் சங்கங்களுக்கு ஆகும் இழப்பை மாநில அரசு தன் கஜானாவிலிருந்து ஈடுகட்டும். நகைக் கடனிலேயே தகுதியில்லை என்று லட்சக்கணக்கானவர்கள் விடுபட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டுக் கடனைக் கொடுத்தது வங்கி. அது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருப்பது, கொடுத்த பணம் டெபாசிட் போட்டவர்களுடையது. எந்தக் கட்சி மேடையில் என்ன பேசினாலும், கோட்டையிலிருந்து ஒரு கையெழுத்துப் போட்டு அதை ரத்து செய்ய முடியாது.

மத்திய அரசு? அந்த வாட்ஸ்அப் செய்தியின் மூலக்கதை அங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில், நகரத்தில் வீடு கட்டுவோருக்கு வங்கி வட்டியில் நிவாரணம் தரும் திட்டம் வரும் என்று பிரதமர் அறிவித்தார். அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 ஆகஸ்ட் 9-இல். ஏறக்குறைய ஒரு வருடம்! நடுவில் ஒரு நாடாளுமன்றத் தேர்தலே முடிந்துவிட்டது. வந்ததும் என்ன வந்தது? ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணையாக. 2024 செப்டம்பர் 1 முதல் கொடுக்கும் கடனுக்குத்தான். 2019-இல் வாங்கியவருக்கு இதில் ஒரு ரூபாய் கிடையாது. மேடையில் சொன்னது வேறு, அமைச்சரவை தீர்மானித்தது வேறு, வழிகாட்டு நெறிமுறையில் அச்சானது வேறு. இந்த மூன்றில் நெறிமுறையில் அச்சானதை மட்டும்தான் நான் படிப்பேன். நீங்களும் அதையே படியுங்கள்.

கொரோனா காலத்துச் சலுகையையும் பலர் தள்ளுபடி என்றே நினைத்திருக்கிறார்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு திரும்பக் கிடைத்தது வட்டிக்கு வட்டி மட்டுமே. முழு வட்டியையும் தள்ளுபடி செய்யக் கேட்டபோது 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டது. அத்தனை பெரிய ஆபத்துக் காலத்திலேயே அவ்வளவுதான்.

தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு, அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, கடனைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ் வரும். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கித்தான் வீட்டைத் தொட முடியும் என்று நம்பியிருக்காதீர்கள், இந்தச் சட்டத்தில் அது தேவையில்லை. அந்த 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை எழுதியதே இல்லை.

கஷ்டம் என்று தெரிந்த முதல் மாதமே கிளைக்குப் போங்கள். கவுன்ட்டரில் நின்று பேசிவிட்டு வராமல், தவணைக் காலத்தை நீட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முழுத் தவணை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். "ஆபீஸரைத் தெரியும், தள்ளுபடி லிஸ்ட்டில் பேர் சேர்த்துடலாம்" என்று பணம் கேட்பவனை வாசலோடு அனுப்புங்கள். அப்படி ஒரு லிஸ்ட் இல்லை. வங்கித் தவணைக்காக மீட்டர் வட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுத் தபால் வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பிரியுங்கள். உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அதன் மேலிருக்கும் அஞ்சல் முத்திரையும் எங்களுக்கு வேண்டும்.

இவருக்கு ஏல அறிவிப்பு இன்னும் வெளியாகவில்லை. வெளியாகிவிட்டால், சர்ஃபாசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, மொத்தக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமைகூடப் போய்விடும். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுத் தயார் செய்திருக்கிறேன், ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல முடியவில்லை. பாக்கித் தவணைகளை ஒரே தடவையில் கட்டினால் கணக்கைச் சீராக்க முடியுமா என்று கேட்க வெள்ளிக்கிழமை அவரோடு வங்கிக்குப் போகிறேன். இரண்டு லேத்தில் ஒன்றுக்கு அம்பத்தூரில் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.