டெம்ப்ளேட்: வார்ப்புருவா, வாய்பாடா?

‘டெம்ப்ளேட் செய்தி’ என்று இன்று சலிப்போடு சொல்லப்படுவது எதை என்பது தொலைக்காட்சி பார்க்கும் எவருக்கும் தெரியும். விடுமுறை வந்தால் ‘ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர்’ என்ற வாக்கியம் வரும். அலைவரிசையை மாற்றினாலும் அதே வாக்கியம், அதே ஏரிப் படகு, அதே அண்ணா பூங்கா, குழந்தையோடு வந்தவர் ஒருவரின் ‘கிளைமேட் நல்லா இருக்கு’ என்ற அதே பேட்டி. விபத்தென்றால் ‘அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது’, மழையென்றால் ‘வாகன ஓட்டிகள் அவதி’, வேறெதுவாயினும் ‘பரபரப்பு’. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் செய்தி சேலத்துடையதா, திண்டுக்கல்லுடையதா என்று சொல்ல முடியாது. இந்த நிலைக்கு மக்கள் தேர்ந்துகொண்ட பெயர்தான் டெம்ப்ளேட்.

இந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் தறி என்று சொற்பிறப்பு அகராதிகள் கருதுவது, சேலத்தின் நெசவுப் பகுதிகளான அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நெய்யும்போது குறுக்கு நூலான ஊடை இழுக்கும் இழுப்பில் துணியின் இரு கரைகளும் மெல்ல உள்வாங்கும், அகலம் குறையும். அதைத் தடுக்க இரு கரைகளிலும் பற்றி விரித்துப் பிடிக்கும் குச்சி ஒன்றைத் தறியில் பொருத்துவார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘டெம்ப்ல்’ என்று பெயர். அதன் சிறுமை வடிவமான ‘டெம்ப்லெட்’ ஆங்கிலத்தில் முதலில் உத்திரத்தின் அடியில் வைக்கும் கட்டையையும், பின்னர் தச்சரும் கொத்தரும் ஒரே அளவில் வெட்டுவதற்கு வைத்துக்கொண்ட அளவுப் பலகையையும் குறித்தது. தட்டைக் குறிக்கும் ‘பிளேட்’ 19ஆம் நூற்றாண்டில்தான் அதன் வாலில் வந்து ஒட்டிக்கொண்டது. பொருளால் அதற்கும் இதற்கும் உறவில்லை. கணினி வந்த பிறகு, வெற்றிடங்களை நிரப்பினால் போதும் என்னும்படி முன்கூட்டியே அமைத்த ஆவணத்திற்கு அது பெயராயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தறியில் அந்தக் குச்சி அகலத்தை மட்டுமே காத்தது. கரைக்கு என்ன நிறம், முந்தியில் மாங்காயா மயிலா என்பதையெல்லாம் நெசவாளரே முடிவு செய்தார். அளவைக் காக்கும் கருவி உள்ளடக்கத்தையும் தீர்மானிக்கத் தொடங்கிய இடத்தில்தான் சொல்லின் பொருள் வசையாகத் திரிந்தது. அதன் முழு வடிவத்தை அமெரிக்காவில் 2018 மார்ச்சில் காண முடிந்தது. பல நகரங்களில் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களை வைத்திருக்கும் சிங்கிளேர் பிராட்காஸ்ட் குரூப் என்ற நிறுவனம், தன் செய்தி வாசிப்பாளர்கள் படிக்க வேண்டிய உரை ஒன்றை எழுதி அனுப்பியது. வாசிப்பாளர் பெயருக்கும், நிலையத்தின் பெயருக்கும், அந்த வட்டாரத்தின் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. பொய்ச் செய்திகளைக் குறித்து எச்சரித்த அந்த உரையைத் தத்தம் ஊர்க்காரர்களிடம் தாமே மனம்விட்டுப் பேசுவதுபோல் அவர்கள் வாசித்தார்கள். டெட்ஸ்பின் இணையதளம் அந்தக் காட்சிகளை ஒன்றாகக் கோத்து வெளியிட்டபோது, பல வாய்கள் ஒரே குரலில் பேசுவது தெரிந்தது. நம் ஊரில் அப்படி யாரும் எழுதி அனுப்புவதில்லை; யாரும் சொல்லாமலே ஒரே மாதிரி வாசிக்கிறோம் என்பது இன்னும் விசித்திரம்.

இதற்குத் தமிழ் என்ன? தமிழ் விக்கிப்பீடியா டெம்ப்ளேட்டை ‘வார்ப்புரு’ என்று வழங்குகிறது. நல்ல சொல். தோசை வார்ப்பதும் இரும்பு வார்ப்பதும் ஒரே வினையாக இருக்கும் மொழியில் அது இயல்பாகப் பொருந்துகிறது. ‘அச்சில் வார்த்தாற்போல’ என்ற பழைய வழக்கும் பின்னால் நிற்கிறது. கணினிப் படிவங்களுக்கு வார்ப்புருவே தக்கது. ஆனால் வார்ப்பு என்பது பொருளைச் செய்யும் முறை. அதில் திறமையின் சாயல் உண்டு. ‘வார்ப்புருச் செய்தி’ என்றால் ஏதோ நேர்த்தியான செய்தி என்றே தோன்றும். சலிப்பு அதில் ஏறாது. ‘அச்சுச் செய்தி’ என்றால் செய்தித்தாள் என்று குழப்பம் வரும். ‘தேய்வழக்கு’ என்பது தேய்ந்துபோன தனித்தொடரைத்தான் குறிக்கும். செய்தியின் முழு எலும்புக்கூட்டையும் குறிக்காது.

என் தேர்வு ‘வாய்பாடு’. பள்ளியில் ஒப்பித்த பெருக்கல் வாய்பாட்டை அனைவரும் அறிவோம்; யோசிக்காமல் வாயில் வருவது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அதைவிடப் பொருத்தமானது யாப்பிலக்கணத்தின் வாய்பாடு. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்பவை சீரின் ஓசையமைப்பைக் காட்டும் வெற்றுச் சட்டங்கள். அதே அசைகள் கொண்ட எந்தச் சொல்லும் அதில் அடங்கும். சேலம் தேமா, ஓசூரும் தேமா. ஏற்காட்டை அசை பிரித்து அலகிட்டால் நேர் நேர் நேர், தேமாங்காய். ஈரோடும் நாமக்கல்லும் அப்படியே. வாய்பாட்டுக்கு ஊரைப் பற்றிக் கவலையில்லை, அசைதான் கணக்கு. புலவர் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு புதிதாகச் சொன்னார். செய்திப் பிரிவு சட்டத்தையே செய்தியாகப் படிக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குச் சாலை வந்ததா, காப்பிக் கொட்டைக்கு இந்தப் பருவம் என்ன விலை கிடைத்தது என்பவை எந்தச் சட்டத்திலும் அடங்காததால் ‘குவிந்தனர்’ என்ற வினைமுற்றோடு மலை முடிந்துவிடுகிறது.

எல்லா வாய்பாடும் குறையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி.’ என்ற நான்கு இடைவெளிச் செய்தியைப் போல் இறுகிய வாய்பாடு வேறில்லை. அது மாறவும் கூடாது. முழு நீர்மட்டமான 120 அடியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டெல்டா உழவருக்கு எண் ஒன்றே செய்தி; வாக்கியம் மாறாதிருப்பதால்தான் எண் மாறியது உடனே கண்ணில் படுகிறது. இது தறிக் குச்சியின் பழைய வேலை.

ஆகவே, கணினியிலும் அலுவலகப் படிவத்திலும் வார்ப்புரு என்றும், செய்தியிலும் மேடைப் பேச்சிலும் வாய்பாடு என்றும் பிரித்து வழங்கலாம். வாய்பாடு, வாய்ப்பாடு என்ற இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. அடைமொழியாகும்போது டகரம் இரட்டித்து ‘வாய்பாட்டுச் செய்தி’, ‘வாய்பாட்டு வாசிப்பு’ என வரும்.