மஞ்ச லைட்டு எரிஞ்சா பிசி செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல

போன சனிக்கிழம செந்தூல்ல அக்கா வீட்டுக்குப் போனா அக்கா மகன் மூஞ்சத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கான், லோயாட் பிளாசாவுல கடை கடையா ஏறி இறங்கி சாமான் வாங்கி, ராத்திரி முழுக்க முழிச்சு அவனே பூட்டின பிசி, பட்டன அமுக்குனா ஃபேன் சுத்துது, கலர் கலரா லைட்டு எரியுது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு. "மதர்போர்டு போச்சு போல மாமா, கடையில திருப்பிக் குடுத்துரலாமா?" இருடான்னு கேசிங்கப் படுக்க வச்சு மூடியக் கழட்டினேன்.

ஃபேன் சுத்துறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. 12 வோல்ட் வந்தா அது பாட்டுக்கு சுத்தும், பிசியோட மூளையான சிபியு வேலை செய்யுதா இல்லையான்னு அதுக்குக் கவலை இல்ல. பின்னாடி சுவிட்ச் போட்டதுமே பவர் சப்ளை 5 வோல்ட்ட போர்டுக்கு அனுப்பிட்டுதான் இருக்கும். முன்னாடி இருக்குற பட்டன் போர்டுல ரெண்டு பின்ன ஒரு நொடி ஒட்ட வைக்குது, அவ்ளோதான் (ஸ்க்ரூடிரைவர் நுனியால தொட்டாலும் ஸ்டார்ட் ஆகும், ஆனா பக்கத்துப் பின்னுல படக்கூடாது). உடனே பவர் சப்ளை முழிச்சு 12, 5, 3.3 வோல்ட் மூணும் ஆட்டம் இல்லாம நின்னப்புறம், வழக்கமா அரை செகண்டுக்குள்ள, 'கரண்ட் ரெடி'ன்னு ஒரு சிக்னல் குடுக்கும். அது வர்ற வரைக்கும் சிபியு ரீசெட்ல கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும்.

அதுக்கப்புறம்தான் போஸ்ட், அதாவது போர்டு தன்னைத் தானே சோதிச்சுக்கிறது. 1981ல வந்த ஐபிஎம் பிசியில எல்லாம் சரின்னா ஒரே ஒரு சின்ன பீப். இப்ப நிறைய கேசிங்ல அந்த ஸ்பீக்கரே வர்றதில்ல, அதுக்குப் பதிலா பல போர்டுல ஓரமா நாலு குட்டி லைட்டு: சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் மாதிரி சிஸ்டம் இருக்குற டிஸ்க்). எந்த லைட்டு அணையாம நிக்குதோ அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். சிபியுல நின்னா முதல்ல மேல் மூலையில சிபியுவுக்குக் கரண்ட் குடுக்குற 8 பின் கேபிளப் பாருங்க, மறந்து போறவங்க ஏராளம், நானும் மறந்திருக்கேன். எதுவுமே நிக்கல ஆனா ஸ்கிரீன் கருப்புன்னா மானிட்டர் கேபிள கிராபிக்ஸ் கார்டுல சொருகாம போர்டுல சொருகியிருப்பீங்க.

இவனுக்கு மஞ்சள், டிரேம். ரெண்டு ரேமும் சிபியுல இருந்து எண்ணினா 2வது, 4வது ஸ்லாட்ல சரியாத்தான் இருந்துச்சு. கழட்டி, 'டிக்'னு சத்தம் கேக்குற அளவுக்கு அமுக்கி மாட்டிப் போட்டேன், மறுபடி மஞ்சள். 20 செகண்டு கூட ஆகல, இவன் கை சுவிட்ச அடைக்கப் போகுது.

"டேய், நேத்துல இருந்து எத்தன தடவ இப்படி அடைச்ச?"

"ஒரு பத்து தடவ இருக்கும் மாமா."

அங்கதான் விஷயமே. இது டிடிஆர்5 ரேம். மெதுவான 4800 வேகத்துலயே ஒவ்வொரு டேட்டா லைன்லயும் செகண்டுக்கு 480 கோடி பிட்டு ஓடுது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரத்துல வெளிச்சமே 6 சென்டிமீட்டர்தான் போகும், போர்டுல இருக்குற செம்புக் கோட்டுல சிக்னல் அதுல ஏறக்குறைய பாதி. ரேம் ஸ்லாட் அதைவிடத் தள்ளி இருக்கு, அப்படின்னா ஒரு பிட்டு போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்தது கிளம்பிடுது! ஒரு ஸ்டிக்குல டேட்டாவுக்கு மட்டுமே 64 லைன், ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம், அதனால போர்டு ஒவ்வொரு லைனுக்கும் கொஞ்சம் முன்ன பின்ன தள்ளித் தள்ளி எழுதிப் படிச்சுப் பாத்து எந்த நேரத்துல படிச்சா தப்பில்லாம வருதுன்னு கண்டுபிடிக்கணும். இதுக்குப் பேர்தான் மெமரி ட்ரெய்னிங். புது போர்டுல முதல் தடவ இது சில நிமிஷம் இழுக்கும், ஸ்கிரீன் அதுவரைக்கும் கருப்பாத்தான் இருக்கும். நடுவுல அடைச்சா கணக்கெல்லாம் போச்சு, அடுத்த தடவ ஆரம்பத்துல இருந்து. மெனுவல்ல இத கொட்டை எழுத்துல போட்டா என்ன குறைஞ்சு போயிடும்னு தெரியல.

அவன் கையப் புடிச்சு வச்சுக்கிட்டேன். அக்கா போட்ட தே ஓ பாதி குடிச்சப்ப மஞ்சள் அணைஞ்சு பயாஸ் ஸ்கிரீன் (போர்டோட சொந்த செட்டிங் பக்கம்) வந்துச்சு. கிடைச்ச கணக்க போர்டு சேத்து வச்சுக்கும், அதனால அடுத்த தடவ வேகமாவே வரும்.

அன்னிக்கு ராத்திரி, ரேம் பெட்டி மேல போட்டிருந்த 6000 வேகம் வேணும்னு செட்டிங்க மாத்தியிருக்கான், வேகம் மாறினா ட்ரெய்னிங் மறுபடியும் நடக்கும், திரும்ப மஞ்சள், திரும்பக் கருப்பு. இந்தத் தடவ சுவிட்ச் பக்கமே போகல, மைலோ கலக்கப் போயிட்டானாம்.