குண்டு குறி தவறவில்லை, குறியே தவறு என்றால்?

போர்ச் செய்திகளில் ‘துல்லியத் தாக்குதல்’ என்று வந்தாலே பலருக்கு ஒரு நிம்மதி. குறி பார்த்து அடித்திருக்கிறார்கள், அப்பாவிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்ற நினைப்பு. ஆயுத மோதல் சட்டத்தைப் பத்திரிகையாளர்களுக்கும் நிவாரணப் பணியாளர்களுக்கும் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். முதலில் களைய வேண்டியிருப்பது இந்த நினைப்பைத்தான். குண்டு சொன்ன இடத்தில் விழுந்தால் அது துல்லியம், அவ்வளவே. அந்த இடத்தை யார், எதை நம்பிக் குறித்தார்கள் என்பது தனிக் கேள்வி.

யூகோஸ்லாவியா மீது நேட்டோ ராணுவக் கூட்டணி குண்டுவீசிய காலம் அது. 1999 மே 7 அன்று அதன் தலைநகர் பெல்கிரேடில் அமெரிக்க விமானம் வீசிய, ஜிபிஎஸ் வழிகாட்டும் குண்டுகள் குறித்த கட்டடத்தில்தான் விழுந்தன. அது சீனத் தூதரகம். தாக்க நினைத்ததோ சில நூறு மீட்டர் தள்ளியிருந்த யூகோஸ்லாவிய ராணுவக் கொள்முதல் அலுவலகத்தை. தெரு முகவரியைக் கொண்டு வரைபடத்தில் இடத்தை ஊகித்த முறையே பிழை. தூதரகம் புதிய இடத்துக்கு மாறியிருந்த விவரம், சரிபார்க்கப் பயன்பட்ட தரவுகளிலும் ஏறவில்லை. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள்.

எது ‘ராணுவ இலக்கு’? போரில் மக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, 52ஆம் பிரிவில் இதை வரையறுக்கிறது. ஒரு பொருள் தன் இயல்பாலோ, இருப்பிடத்தாலோ, நோக்கத்தாலோ, பயன்பாட்டாலோ எதிரியின் ராணுவ நடவடிக்கைக்கு உண்மையாகவே உதவ வேண்டும். அதை அழிப்பதாலோ கைப்பற்றுவதாலோ முடக்குவதாலோ அந்த நேரத்துச் சூழ்நிலையில் திட்டவட்டமான ராணுவ அனுகூலம் கிடைக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் அது இலக்கு அல்ல. வழக்கமாக மக்கள் பயன்படுத்தும் வீடு, பள்ளி, வழிபாட்டிடம் பற்றிச் சந்தேகம் எழுந்தால், அது குடிமக்களுடையது என்றே கொள்ள வேண்டும்.

‘அந்த நேரத்துச் சூழ்நிலையில்’ என்பதை வகுப்பில் நான் அடிக்கோடிடச் சொல்வேன். நேற்று ஆயுதம் இருந்த கட்டடம் இன்று காலியாக இருக்கலாம். 1999 ஏப்ரல் 12 அன்று செர்பியாவின் கிர்தெலிட்சா அருகே நேட்டோ குறிவைத்தது ஒரு ரயில் பாலத்தை. ஏவுகணை வரும்போது பாலத்தில் பயணிகள் ரயில் வந்துவிட்டது. அதன் பிறகும் இரண்டாவது ஏவுகணை ஏவப்பட்டது. நிலைமை மாறினால் தாக்குதலை நிறுத்தவோ கைவிடவோ வேண்டும் என்கிறது அதே நெறிமுறையின் 57ஆம் பிரிவு. இலக்குப் பட்டியலில் பெயர் இருப்பது நிரந்தர அனுமதி அல்ல.

‘உயர்மதிப்பு இலக்கு’ என்பதும் அடிக்கடி காதில் விழும். எதிரித் தளபதி தன் வேலையை முடிக்க எது இன்றியமையாததோ அதுவே உயர்மதிப்பு. எதை இழக்கச் செய்தால் நம் திட்டம் பெரிதும் கைகூடுமோ அது ‘உயர்பலன்’ இலக்கு. இரண்டும் ராணுவக் கணக்குகள். தாக்குவது சட்டப்படி சரியா என்பதற்கு இவற்றில் பதில் இல்லை.

இலக்கை மதிப்பிடும்போது, அது எவ்வளவு முக்கியம் என்பதோடு, அடிபட்டால் எவ்வளவு சீக்கிரம் மீளும் என்றும் பார்ப்பார்கள். இயந்திரங்கள் உராய்வு குறைந்து சுழல உதவும் பால் பேரிங்குகளைச் செய்த ஜெர்மன் தொழிற்சாலைகள் நிறைந்த ஷ்வைன்ஃபுர்ட் மீது 1943இல் அமெரிக்கா இரு பெரும் தாக்குதல்களை நடத்தியது. அக்டோபர் 14 அன்று மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தது. தொழிற்சாலைகள் சேதமடைந்தன என்பது உண்மை. ஆனால் ஜெர்மானியர் கையிருப்பைக் கொண்டு சமாளித்தார்கள், உற்பத்தியைப் பல ஊர்களுக்குப் பிரித்தார்கள், வடிவமைப்பையே மாற்றினார்கள். போர் உற்பத்தி அதனால் நிற்கவில்லை.

சேத மதிப்பீட்டில் மூன்று படிகள் இருப்பது இதனால்தான். கட்டடம் எவ்வளவு இடிந்தது, அதன் வேலை நின்றதா, அது சேர்ந்திருந்த முழு அமைப்பும் தளர்ந்ததா. தாக்கிய சில மணி நேரத்தில் ‘அழித்துவிட்டோம்’ என்று வரும் அறிவிப்பு பெரும்பாலும் முதல் படியைத்தான் சொல்கிறது. எத்தனை மக்கள் இறந்தார்கள் என்பதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

இலக்கைத் தாக்கும்போது மக்களுக்கும் அவர்கள் உடைமைக்கும் நேரும் இழப்பே ‘பக்கச் சேதம்’. இந்தச் சொல்லை யாரும் எதிர்பாராத விபத்து போலப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அந்தச் சேதம் தாக்குதலுக்கு முன்பே கணிக்கப்படுவது. எதிர்பார்க்கும் அனுகூலத்தைவிட அது மிகையானால் தாக்கக் கூடாது, அதுவே விகிதாசார விதி. ஆனால் உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் போடும் கணக்குக்கு என்ன மதிப்பு? வளைகுடாப் போரில், 1991 பிப்ரவரி 13 அன்று ஈராக் தலைநகர் பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தின் மீது அமெரிக்கா வீசிய, லேசர் வழிகாட்டும் இரண்டு குண்டுகள் விழுந்தன. கட்டளை மையம் என்று கருதித் தாக்கினார்கள். உள்ளே இரவில் தஞ்சம் புகுந்திருந்த 400க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள்.

நிவாரணப் பணியில் இருப்பவர்கள் அவசியம் அறிய வேண்டியது, ராணுவம் வைத்திருக்கும் ‘தாக்கக் கூடாதவை பட்டியல்’. ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அதில் இருந்தது. அமைவிட விவரத்தையும் அமைப்பு முன்கூட்டியே கொடுத்திருந்தது. ஆனால் 2015 அக்டோபர் 3 அன்று அதைச் சுட்ட அமெரிக்க விமானத்தின் குழுவினரிடம் அந்தப் பட்டியல் இல்லை. 42 பேர் இறந்தார்கள். ஆகவே அமைவிடத்தைக் கொடுத்ததோடு நிற்காதீர்கள். பெற்றவர் யார், விமானிவரை அது போய்ச் சேரும் வழி எது, தாக்குதல் தொடங்கிவிட்டால் அதை நிறுத்தும் அதிகாரம் உள்ளவரின் தொலைபேசி எண் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சண்டை உங்கள் பகுதியை நெருங்கும்போது மறுபடியும் கேளுங்கள்.