மயக்கம் என்றால் எந்த மயக்கம்?

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னால்தான் எடுபடும் என்ற எண்ணத்தாலோ, பிள்ளைகள் இருக்கும் ஊரில் தமிழ் தெரியாத மருத்துவரிடம் காட்ட வேண்டியிருப்பதாலோ, தம் தொந்தரவுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பொது மருத்துவத்தில் நான் காணும் வரையில், அப்படி வரும் சொற்களில் அதிகம் தடம் மாற்றிவிடுவது, மயக்கத்துக்கு எல்லோரும் சொல்லும் ‘கிடினஸ்’.

நினைவு தப்பிக் கீழே விழுந்தவரும், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தவரும், அறை சுழல்வதாக உணர்ந்தவரும், மாத்திரை போட்டபின் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் நம்மிடம் ‘மயக்கமாக இருக்கிறது’ என்றே சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லை அப்படியே ‘கிடினஸ்’ ஆக்கிவிட்டால், நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒரே பெயருக்குள் மறைந்துவிடும். கிறுகிறுப்பு, கண் இருட்டல், தள்ளாட்டம், அசதி என்று தமிழிலேயே பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போவதே நல்லது.

சுற்றுப்புறமோ தாமோ சுழல்வதாகத் தோன்றினால் அது ‘வெர்டிகோ’. இதற்கு மிகப் பரவலான காரணம், உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுவது. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சுழற்சி தொடங்கி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்லி முறையில், பலருக்கு ஓரிரு அமர்விலேயே இது சரியாகிவிடுகிறது. ஆனால் இதைப் ‘பிரஷர் மயக்கம்’ என்று தாமே முடிவுசெய்து மருந்துக்கடை மாத்திரையில் மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

நினைவு தப்பிப் போய்த் தானாகத் தெளிந்தால் ‘ஃபெயின்ட்’ என்ற சொல்லே பொருந்தும். உழைத்துக்கொண்டிருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ அப்படி நேர்ந்திருந்தால் மருத்துவரின் கவனம் உடனே இதயத்துக்குப் போகும் என்பதால், விழுந்ததைச் சொல்லாமல் ‘கிடினஸ்’ என்று மட்டும் சொல்வது ஆபத்தானது. விழப்போவது போலிருந்து விழாமல் தப்பினால் ‘லைட்ஹெடட்’ எனலாம். அப்போது படுத்திருக்கையிலும், எழுந்து நின்று 3 நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்ப்போம். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைத்தான் முதலில் கேட்போம். தலையில் சுற்றலோ கிறுகிறுப்போ இல்லாமல் நடை மட்டும் தள்ளாடினால் ‘அன்ஸ்டெடி’.

இதுபோன்ற நால்வகைப் பிரிப்பு டிராக்மன், ஹார்ட் என்னும் இரு மருத்துவர்கள் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அமெரிக்காவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்று 2007-இல் இதை அசைத்தது. எந்த வகை மயக்கம் என்று கேட்டுவிட்டுச் சில நிமிடம் கழித்து மீண்டும் கேட்டபோது, பலர் வேறு விடை சொன்னார்கள். எப்போது வருகிறது, எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கேள்விகளுக்கான விடைகளே அதிகம் மாறாமல் இருந்தன. ஆகவே சரியான சொல் கிடைக்கவில்லை என்று தவிக்க வேண்டாம். ‘தி ரூம் ஸ்பின்ஸ் வென் ஐ டர்ன் இன் பெட்’ என்ற எளிய வாக்கியம், ‘வெர்டிகோ’ என்ற சொல்லைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லிவிடும்.

கைகால் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. உணர்ச்சி குறைந்து மரத்துப்போனால் ‘நம்ப்னஸ்’, தூக்கவோ பிடிக்கவோ பலம் இல்லாவிட்டால் ‘வீக்னஸ்’. உடல் அசதியைக்கூட நம் ஊரில் ‘வீக்னஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால், ஒரு பக்கக் கை விழுந்துவிட்ட செய்தி அதற்குள் அமுங்கிப் போகிறது.

திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்ப்பவை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ, பிடிமானமின்றி நிற்கவே முடியாவிட்டாலோ, எந்தச் சொல்லையும் தேடிக்கொண்டிருக்காமல் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். மூளைக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுவது. எனவே நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை, உடன் வருகிறவர் எந்த மொழியிலாவது முதலில் சொல்லிவிட வேண்டும்.